ஐயம்

‘சந்தேகம்’ வடசொல். பூசுதல், மெழுகுதல் என்று பொருள்படும் ‘திஹ்’ என்ற வேரிலிருந்து வந்தது. இன்றைய வழக்கில் அது பெரும்பாலும் ஆள்மீது பாய்கிறது: சந்தேக நபர், சந்தேகக் கண். அறிவின் நிலையைப் பேசும்போது ‘ஐயம்’ என்பதே தக்க சொல். ‘ஐயமிட்டு உண்’ என்பதில் வரும் ஐயம் வேறு, அது பிச்சை.

ஐயம் அறியாமை அன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி (அறிவைப் பெறும் வழிகளான அளவைகளைப் பற்றி வாதிப்பவன்) தரும் எடுத்துக்காட்டு ‘தறியோ மகனோ’ என்பது. தொலைவில் ஏதோ நிற்கிறது, ஆள் உயரம் இருக்கிறது; அவ்வளவும் தெரியும். கட்டையா மனிதனா என்பதுதான் தெரியவில்லை. இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளி என்று கொள்வது ‘திரியக் கோடல்’. ஆராயாமலே கட்டையை மனிதன் என்று முடிவுகட்டுவது ‘தேராது தெளிதல்’. மூன்றையும் அவன் அளவையின் குற்றங்களாகவே எண்ணுகிறான். ஆனாலும் ஐயுறுபவனிடம் கேள்வி இருக்கிறது, தேராது தெளிந்தவனிடம் அதுவும் இல்லை. இவற்றைத் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்த நுட்பத்தை நாம் இன்று பயன்படுத்தாமல் விட்டிருப்பது பெரிய இழப்பு.

ஐயத்தை எப்படிச் சொல்வது என்பதற்கும் தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது:

‘பால்மயக் குற்ற ஐயக் கிளவி
தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்’

வருவது ஆள் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அப்போது ‘ஒருவன்கொல்லோ ஒருத்திகொல்லோ தோன்றுவார்’ என்கிறோம். ‘தோன்றுவான்’ என்றாலும் ‘தோன்றுவாள்’ என்றாலும் அறியாததை அறிந்ததாகச் சொன்னதாகிவிடும். ‘ஆர்’ விகுதி அறிந்த அளவோடு நின்றுகொள்கிறது. ‘தான் அறி பொருள்’ என்ற தொடரில்தான் எவ்வளவு கவனம்!

கிரேக்கத்தின் ‘ஸ்கெப்சிஸ்’ என்ற சொல்லுக்கும் உற்றுநோக்கல், ஆராய்தல் என்பதே பொருள். உண்மையைக் கண்டுவிட்டோம் என்போர், காணவே முடியாது என்போர், இன்னும் தேடுவோர் என மெய்யியலாரை மூவகையாகப் பிரித்த பண்டைய கிரேக்க மெய்யியலார் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ், ஐயவாதிகளை மூன்றாம் வகையில் வைத்தார். ஆகவே அச்சொல்வழி வந்த ஸ்கெப்டிசிசத்தை ‘அவநம்பிக்கைவாதம்’ என்று எழுதுவது பிழை. ‘ஐயவாதம்’ என்பதே சரி.

1641இல் பிரெஞ்சு மெய்யியலார் டேக்கார்ட் வெளியிட்ட ‘தியானங்கள்’ என்ற நூலில் வரும் ஐயம் இன்னொரு வகை. உறுதியான அடித்தளம் ஒன்றைத் தேடி, ஐயுற இடமுள்ள அனைத்தையும் அவர் வேண்டுமென்றே ஒதுக்கினார். தானாக எழாமல், வழிமுறையாகக் கைக்கொள்ளப்பட்ட அதற்கு ‘முறைசார் ஐயம்’ என்பது பொருந்தும்.