ஆறு விட்டுச்சென்ற தடங்களும் ஆற்றங்கரைப் பூங்காவும்

ஆற்றங்கரைப் பூங்கா அமைத்துத் தரக் கேட்டு நிலவடிவமைப்பாளரான என்னிடம் வருபவர்கள், பெரும்பாலும் நடைபாதையும் படித்துறையும் விளையாட்டுத் திடலும் ஏற்கெனவே குறிக்கப்பட்ட வரைபடத்துடனேயே வருகிறார்கள். நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளின் பதிவை.

இதை ஒரு தவறுதான் எனக்குக் கற்றுத் தந்தது. தொடக்க காலத்தில் நான் பங்கேற்ற ஒரு திட்டத்தில், கரையிலிருந்து நன்கு உள்ளே தள்ளிக் கட்டிய திறந்தவெளி அரங்கின் தரை, சில ஆண்டுகளிலேயே ஒரு பக்கமாகத் தாழ்ந்து விரிசல் கண்டது. மீண்டும் துளையிட்டபோது, அரங்கின் ஒரு பாதி மணல் திட்டின் மீதும் மறுபாதி புதைந்த குருட்டாற்றின், அதாவது ஆறு கைவிட்டுச் சென்ற பழைய வளைவின் மீதும் நின்றது தெரிந்தது.

சமவெளியில் வளைந்தோடும் ஆறு வெளிக்கரையை அரித்து உட்கரையில் மணலைச் சேர்க்கிறது. வளைவின் கழுத்து, அதாவது அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள நிலம், குறுகியதும், ஒரு பெருவெள்ளத்தில் அதை அறுத்து நேர்வழி கண்டு, பழைய வளைவைத் தனியே விட்டுவிடுகிறது. ஓட்டம் நின்ற அந்த நீரில் மென்களிமண்ணும் மக்கிய செடிகொடிகளும் நெடுங்காலம் படிந்து பள்ளம் தூர்ந்துபோகும். மேலே புல் முளைத்தபின் கண்ணுக்கு எல்லாம் ஒரே தரைதான். ஆனால் பாரம் ஏற்றினால் களிமண் தன்னுள் உள்ள நீரை மெல்ல மெல்ல வெளியேற்றி ஆண்டுக்கணக்கில் அமுங்கும். அருகிலுள்ள மணலோ அந்த அளவுக்கு அமுங்குவதில்லை. மிசிசிப்பி ஆற்றின் இத்தகைய பழந்தடங்களை அமெரிக்க நிலவியலாளர் ஹரோல்ட் ஃபிஸ்க் 1944இல் வெவ்வேறு வண்ணங்களில் வரைந்து காட்டினார். அந்த வரைபடங்களைப் பார்த்த எவருக்கும், இன்றைய கரைக்கோட்டை நிலையானதென்று நம்ப மனம் வராது.

தூர்ந்த தடத்தை மண் கொட்டி உயர்த்தாமல், சற்றே தோண்டி வெள்ளம் வந்து தங்கும் ஈரப்பள்ளமாக விடுவதே என் வழக்கம். ஆறு ஆழமாக அறுத்துச் சென்றபோது உயரத்தில் எஞ்சிய பழைய படிமேடையில்தான் கட்டடங்களை வைப்பேன். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகளைக் களிமண்ணில் வெட்டினால் தண்ணீர் தேங்கித்தான் நிற்கும். அவற்றை மணற்பகுதிக்கு மாற்ற வேண்டும்.

மியூனிக் நகரின் இசார் ஆற்றில் செய்ததை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். ஆல்ப்ஸ் பனியாறுகள் உருகிய நீர் கொண்டுவந்து பரப்பிய சரளைக்கல் சமவெளியில் அமைந்த நகரம் அது. 2000 முதல் 2011 வரை, சுமார் 8 கி.மீ. நீளத்துக்கு, நேராக்கப்பட்டு இறுகிக் கிடந்த கரைகளைத் தளர்த்தி, ஆற்றுப்படுகையை அகலப்படுத்தினார்கள். இன்று மக்கள் அமர்ந்திருக்கும் சரளைத் திட்டுகளை ஒவ்வொரு வெள்ளமும் சற்றே இடம் மாற்றுகிறது. அதைப் பழுதாகக் கருதாமல் வடிவமைப்பிலேயே ஏற்றுக்கொண்டதுதான் அத்திட்டத்தின் பெரும் சிறப்பு என்பேன்.

உங்கள் ஆற்றங்கரையில் பூங்கா வருவதாக அறிவிப்பு வந்தால், வண்ணப் படங்களோடு நிலத்தின் குறுக்குவெட்டுப் படத்தையும் கேளுங்கள். துளைகள் எங்கெங்கே இடப்பட்டன, எந்த ஆழத்தில் களிமண் வந்தது, கட்டடம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற மூன்றையும் அந்த ஒரு படத்திலேயே பார்த்துவிடலாம்.