மாசத்துல எத்தன தடவ கொள்ளு? சாப்பாட்டுக் கேள்வித்தாளுக்கே வைக்கிற பரிச்சை

கோபி பக்கமிருந்து ஒரு அக்கா கேட்ருந்தாங்க. அவங்க ஊருக்கு ஹெல்த் சர்வேன்னு ஒரு பொண்ணு வந்து, போன ஒரு வருசத்துல கீரை வாரத்துக்கு எத்தன தடவ, கறி எத்தன தடவ, ஒரு தடவைக்கு எத்தன கரண்டின்னு ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டுட்டுப் போச்சாம். "நானும் வாய்க்கு வந்தத சொல்லி அனுப்பிட்டனுங்க, இத வெச்சு என்னத்தக் கண்டுபுடிப்பாங்க, நாஞ் சொன்னது நெசமா பொய்யான்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்"னு கேட்டாங்க. ரொம்ப நல்ல கேள்விங்க. ஊட்டச்சத்து ஆராய்ச்சில பாதி சண்டை இதச் சுத்தித்தான் நடக்குது.

ஏன் ஒரு வருசத்தப் பத்திக் கேக்கறாங்கன்னா, சக்கரை வியாதியோ ஹார்ட் அட்டாக்கோ ஒரு நா சாப்ட்டதால வர்றதில்ல, வருசக்கணக்கான பழக்கம்தான் கணக்கு. நேத்து என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டா பதில் ஓரளவு தெளிவா வரும், ஆனா நேத்து புரட்டாசி சனிக்கிழமையா இருந்தா ஊரே சைவம், நேத்து பங்காளி ஊட்டுக் கெடாவெட்டா இருந்தா ஒரு மாசக் கறி ஒரே நாள்ல உள்ள போயிருக்கும். அதனாலதான் ஒரு பெரிய லிஸ்ட்ட வெச்சுகிட்டு, ஒவ்வொண்ணும் தினமுமா, வாரம் ரெண்டு தடவையா, மாசம் ஒருக்காவான்னு டிக் அடிக்கறது. அந்த பதில உணவுச் சத்து அட்டவணைல போட்டுப் பெருக்கினா புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவுன்னு நம்பர் வந்துரும்.

நம்பர் வர்றது ஈசி. அது சரியான நம்பரான்னு பாக்கறதுதான் பரிச்சை. முதல் பரிச்சை, அதே ஆளுகிட்ட அதே கேள்விய கொஞ்ச மாசம் கழிச்சுத் திருப்பிக் கேக்கறது. ரெண்டாவது, சாப்ட்டத அப்பப்ப எடை போட்டு நோட்ல எழுதச் சொல்லி, அந்த நோட்டையும் கேள்வித்தாளையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறது. ஹார்வர்டுல வால்டர் வில்லெட்டும் அவரு ஆளுங்களும் 1985ல வெளியிட்ட சோதனை இதுல பேர் போனது. பாஸ்டன் பக்கத்து நர்சுங்க 173 பேரு, 61 உணவு இருக்கற கேள்வித்தாள், ஒரு வருச இடைவெளில ரெண்டு தடவ, நடுவுல நாலு தடவ ஒவ்வொரு வாரம் எடை போட்டு எழுதுன நோட்டு. திருப்பிக் கேட்டப்ப ஒத்துமை 0.49லருந்து 0.71 வரைக்கும் வந்துச்சு, சத்தப் பொறுத்து. நோட்டோட ஒப்பிட்டு, ஆளுக்கு ஆளு மொத்த கலோரி மாறறத சரிக்கட்டினதுக்கு அப்பறம் 0.36லருந்து 0.75. அச்சு அசலா ஒத்துப்போனா 1, சம்பந்தமே இல்லைன்னா 0, அந்தக் கணக்குல பாத்துக்குங்க.

பரவால்லியேன்னு தோணும். ஆனா இங்கதான் ஒரு ஓட்டை. டீல போடற சக்கரைய கேள்வித்தாள்ல கொறச்சுச் சொல்ற ஆளு நோட்லயும் கொறச்சுத்தான் எழுதுவாரு. பொழுதோட பேக்கரில நின்னுகிட்டு சாப்ட்ட பப்ஸ ரெண்டுலயும் மறந்துருவாரு. அப்ப ரெண்டும் ஒத்துப்போகும், ஒத்துப்போய் ரெண்டுமே தப்பா இருக்கும். ரெண்டும் ஒரே மனசுல இருந்து வர்றதுதானே. மனசு, ஞாபகம், கூச்சம் இதெல்லாம் தொடாத ஒரு சாட்சி வேணும். அப்படி ஒண்ணு இருக்கு, அதப் பத்திச் சொல்றதுக்காகத்தான் நான் இவ்வளவு வேகமா இங்க ஓடி வந்தேன்.

தண்ணிங்க அது. ரெண்டு அடையாளம் போட்ட தண்ணி. தண்ணின்னா ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன்னு பள்ளிக்கூடத்துல படிச்சுருக்கோம். ஹைட்ரஜன்ல ரெண்டு மடங்கு எடை உள்ள ஒரு வகை இருக்கு, டியூட்டீரியம். ஆக்ஸிஜன்லயும் சாதா 16க்கு பதிலா 18 எடை உள்ள வகை இருக்கு. ரெண்டுலயும் கதிர்வீச்சு கெடையாது, பவானி ஆத்துத் தண்ணிலயே இயற்கையா துளித்துளி கலந்துருக்கறதுதான். இது ரெண்டையும் எச்சா சேத்த தண்ணிய ஒரு சின்ன டம்ளர் குடிக்கச் சொல்றாங்க. சில மணி நேரத்துல அது ஒடம்புல இருக்கற எல்லாத் தண்ணியோடவும் ஒட்டுக்கா கலந்துரும். அப்பறம் நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாக்கலாம், காட்டுக்குப் போலாம், பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போலாம். ரெண்டு வாரத்துல அப்பப்ப யூரின் மட்டும் குடுத்தாப் போதும்.

அந்த ரெண்டு வாரத்துல உள்ள என்ன நடக்குதுன்னா, டியூட்டீரியம் வெளிய போறதுக்கு ஒரே வழி, தண்ணியாத்தான் போகணும்: யூரின், வேர்வை, மூச்சுல வர்ற ஈரம். ஆனா ஆக்ஸிஜன் 18க்கு ரெண்டு வழி. தண்ணியாவும் போகும், கார்பன்டைஆக்சைடாவும் போகும். தண்ணில இருந்த ஆக்ஸிஜன் எப்படி கார்பன்டைஆக்சைடுக்குள்ள போச்சு? நம்ம ரத்தச் செவப்பணுவுல கார்பானிக் அன்ஹைட்ரேஸ்னு ஒரு நொதி இருக்கு, ஒரே ஒரு மூலக்கூறு நொடிக்கு பத்து லட்சம் கார்பன்டைஆக்சைடு வரைக்கும் தண்ணியோட சேத்துப் பிரிச்சுகிட்டே இருக்கும். சேந்து பிரியறப்ப ஆக்ஸிஜன் இடம் மாறிக்குது. அதனால நம்ம மூச்சுல விடற கார்பன்டைஆக்சைடுல இருக்கற ஆக்ஸிஜனும் ஒடம்புத் தண்ணில இருக்கற ஆக்ஸிஜனும் எப்பவும் ஒரே கலவையா இருக்கும். இத 1949ல மினசோட்டால நாதன் லிஃப்சன் குழு கண்டுபுடிச்சாங்க, 1955ல எலிங்ககிட்ட இத வெச்சே சக்தி செலவை அளந்து காமிச்சாங்க.

மேல்நிலைத் தொட்டில ரெண்டு குழாய் இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரு சாயம் மொதக் குழாய்ல மட்டும் போகும், இன்னொரு சாயம் ரெண்டுலயும் போகும். ரெண்டாவது சாயம் வேகமா வெளுக்கும், எவ்வளவு வேகமா வெளுக்குதோ அந்த வித்தியாசம்தான் ரெண்டாவது குழாய்ல போன அளவு. அதே மாதிரி ரெண்டு அடையாளமும் கொறையற வேகத்தோட வித்தியாசம், ரெண்டு வாரத்துல நீங்க மூச்சுல விட்ட மொத்த கார்பன்டைஆக்சைடு. அது தெரிஞ்சா எத்தன கலோரி எரிச்சீங்கன்னு தெரியும், ஒடம்பு எடை மாறாம இருந்தா எரிச்சது எவ்வளவோ சாப்ட்டதும் அவ்வளவுதான். உங்க வாயத் தொறக்காமயே நீங்க சாப்ட்டது தெரிஞ்சுபோச்சு! எத்தன தடவ நெனச்சாலும் எனக்கு இது ஆச்சரியமாத்தான் இருக்கு. ஆக்ஸிஜன் 18 வெலை பயங்கரமா இருந்ததால மனுசங்ககிட்ட 1982லதான் டேல் ஷோலர் இத செஞ்சு காமிச்சாரு.

புரதத்துக்கும் ஒரு சாட்சி இருக்கு. ஒரு நாள் முழுக்க யூரின சேத்து அதுல நைட்ரஜன அளந்தா, சாப்ட்ட நைட்ரஜன்ல சுமார் 81 சதவீதம் அங்க வந்துரும்.

இந்த ரெண்டு சாட்சியையும் வெச்சு அமெரிக்காவுல மேரிலாண்ட்ல 40லருந்து 69 வயசுக்குள்ள 484 பேர்கிட்ட ஓப்பன்ங்கற ஆராய்ச்சி நடந்துச்சு, 2003ல முடிவு வந்துச்சு. கேள்வித்தாள்ல ஆம்பளைங்க கலோரிய 31லருந்து 36 சதவீதம் கொறச்சு சொல்லியிருந்தாங்க, பொம்பளைங்க 34லருந்து 38. நேத்து என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டப்ப அந்தக் கொறவு ஆம்பளைங்களுக்கு 12லருந்து 14, பொம்பளைங்களுக்கு 16லருந்து 20. அதாவது கேள்வித்தாள்ல மூணுல ஒரு பங்குச் சோறு வரவே இல்ல. இது போதாதுன்னு, ஒடம்பு எடை எச்சா இருக்கறவங்கதான் எச்சா கொறச்சுச் சொல்றாங்கன்னு திரும்பத் திரும்ப வந்துருக்கு. எல்லாரும் ஒரே அளவு கொறச்சுச் சொன்னா பிரச்சனை இல்ல, யாரு எச்சு யாரு கம்மிங்கற வரிசை கெடாது, கேள்வித்தாளோட வேலையே அந்த வரிசையக் குடுக்கறதுதான். எடையப் பொறுத்துப் பொய் மாறுனாத்தான் குண்டா இருக்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கற சம்பந்தமே கோணலாயிருது.

அதனால அக்கா, நீங்க கரண்டி ஒண்ணு முன்னப் பின்ன சொன்னதுக்கு கவலப்படாதீங்க, ஆயிரக்கணக்கான பேரு சேந்தா அந்த மாதிரித் தப்பு சம்பந்தத்த மங்கலாக்குமே ஒழிய இல்லாதத உண்டாக்காது. ஆனா அதே கேள்வித்தாள வெச்சு ஒரே ஒரு ஆளப் பாத்து "நீங்க தெனம் இத்தன கலோரி சாப்புடறீங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்ப நம்மூருக்கு வரேன். பாஸ்டன் நர்சுக்குப் பாஸான லிஸ்ட் நமக்கு ஆகாது. லிஸ்ட்ல இல்லாத சாப்பாடு, சாப்புடாத சாப்பாடாயிரும். சென்னைல மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேசன்காரங்க 222 உணவு வெச்சு நகரத்து ஆளுங்களுக்குன்னு ஒண்ணு தயார் பண்ணி சோதிச்சு 2006ல வெளியிட்டாங்க, அருமையான வேலை. ஆனா நம்ம பக்கம் அரிசியும்பருப்பு, சந்தவை, கொள்ளு கடைசல், ராகிக்களி, நோம்பிக்கு ஒப்புட்டு கச்சாயம், எல்லாத்துலயும் தேங்காயும் கடலெண்ணையும். இந்தியாவோட உணவுச் சத்து அட்டவணை பொறந்ததே நமக்கு மேல இருக்கற குன்னூர்லதான், 1937ல அங்க இருந்த ஊட்டச்சத்து லேப்லருந்து அய்க்ராய்டு வெளியிட்டாரு, அந்த லேப்தான் 1958ல ஹைதராபாத் போயி, 1969ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாச்சு, 2017ல 528 உணவுக்கு புது அட்டவணை போட்டாங்க. கம்பு சாப்ட்டா சக்கரை ஓடிரும்னு மேடை போட்டுப் பேசறவங்களுக்கு மண்டபம் நெறையுது, இங்க யாரு எவ்வளவு கம்பு சாப்புடறாங்கன்னு ஒழுங்கா அளக்கற வேலைக்கு காசு கேட்டா ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கற கமிட்டில அது பழைய வேலைம்பாங்க. எனக்கு இது கோவத்தக் கெளப்பற விசயம். அளவுகோலச் சோதிக்காம அளந்தது எல்லாமே நம்பிக்கைதான், அறிவியல் ஆகாது.

அந்த அடையாளம் போட்ட தண்ணி மாதிரி ஐசோடோப் வேலை பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரில நடந்துகிட்டுதான் இருக்கு, தூரமில்ல. நம்ம பக்கத்துக்குன்னு ஒரு கேள்வித்தாள சோதிக்கணும்னா, ஈரோடு, திருப்பூர், கரூர் ஊர்கள்ல காட்டு வேலை செய்யறவங்க, தறி ஓட்றவங்க, ஷிப்ட்டுக்குப் போறவங்கன்னு கலந்து எடுத்து, ஆடி, புரட்டாசி, தை, பங்குனின்னு நாலு பருவத்துலயும் கேட்டாகணும், புரட்டாசில மட்டும் கேட்டா கறி சைபர்னு வந்துரும். கலோரிக்கும் புரதத்துக்கும் இருக்கற மாதிரி எண்ணெய்க்கும் காய்கறிக்கும் நேரான சாட்சி கெடையாது, அதுக்கு தட்டுல போடற அளவே இன்னொரு பங்கு டப்பால போட்டு லேபுக்கு அனுப்பணும், இல்லைன்னா மாசத் தொடக்கத்துலயும் கடைசிலயும் எண்ணெய் டின்ன எடை போட்டு ஊட்டுல எத்தன பேருன்னு பிரிக்கணும்.