ஜீன் கத்தரிக்கோலுக்கும் முகவரி வேண்டும்

மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கையே உடைத்துவிடும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) ஜீனின் பெயரில் டெல்லி இருக்கிறது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் உடனாய்வாளர்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, சென்னையில் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. நம் ஊருக்கு இது புதுசில்லை. இந்த ஜீனையே வெட்டி எறிய முடியுமா என்றால், ஆய்வகத்தில் முடிந்திருக்கிறது. வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ உள்ள நோயாளிக்கு அது ஒருநாள் பயன்பட வேண்டுமானால், இன்று நாம் தட்டிக்கழிக்கிற கல்ச்சர் பரிசோதனை (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

என்டிஎம்-1 பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு கிளெப்சியெல்லா பாக்டீரியா, பக்கத்திலுள்ள ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவுக்கு அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். இனம் வேறு என்பது தடையே இல்லை. ஜீனைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் கத்தரி இங்கேதான் கைகொடுக்கிறது. அதன் வழிகாட்டி ஆர்என்ஏவில் 20 எழுத்து. அதே வரிசை கிருமியின் டிஎன்ஏவில் இருந்து, அதை ஒட்டி இரண்டு 'ஜி' எழுத்தும் சரியான இடத்தில் இருந்தால், கத்தரியின் வெட்டும் புரதமான காஸ்9 வெட்டும். எங்கே வெட்டுகிறது என்பது முக்கியம். குரோமோசோமில் வெட்டினால் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும், அறுந்த முனைகளை ஒட்டவைக்கும் வசதி அவற்றுக்கு இல்லை. பிளாஸ்மிடில் வெட்டினால் வளையம் மட்டும் அழியலாம். கிருமி பிழைத்தாலும் பழைய மருந்துக்கே மறுபடி பணியும். 2014-ல் அமெரிக்கக் குழு ஒன்று என்டிஎம்-1 ஜீனையே இப்படிக் குறிவைத்துக் காட்டியது.

வெட்டுவதைவிடக் கத்தரியை உள்ளே கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்தான் வண்டி. கிளெப்சியெல்லாவின் மேலுறையில் மட்டும் 77 வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரு ஃபேஜ் பெரும்பாலும் அவற்றில் ஒன்றிரண்டைத்தான் அடையாளம் காணும். உள்ளே போனாலும், குறிவைத்த எழுத்து மாறிய கிருமியோ, கத்தரி பழுதாகி வந்து சேர்ந்த கிருமியோ சில தப்பும். தப்பியது பெருகும். அதனால் ஒற்றை ஃபேஜை யாரும் நம்புவதில்லை. 2023-ல் டென்மார்க் நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஈ.கோலை ஆய்வில் 162 ஃபேஜ்களைச் சலித்து, கிரிஸ்பர் ஏற்றிய நான்கைக் கலவையாக்கினார்கள்.

ஃபேஜின் ஜீனைத் திருத்தும் வழியும் உண்டு. 2018-ல் லண்டனில் 15 வயதுப் பெண்ணுக்கு எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்றுக்கு மூன்று ஃபேஜ் கொடுத்தார்கள். ஒன்று தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயில் கிடைத்தது. மற்ற இரண்டும் கிருமியைக் கொல்லாமல் அதற்குள்ளேயே பதுங்கும் ரகம். பதுங்கவைக்கும் ஜீனை நீக்கிய பிறகுதான் கொல்லத் தொடங்கின. அந்தப் பெண்ணின் உடல்நிலை நன்றாகத் தேறியது.

கழிவுநீர்தான் ஃபேஜ் தேட நல்ல இடம், கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவது உட்பட. நீரைச் சுழற்றித் தெளியவைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நோயாளியின் கிருமியோடு சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்க வைப்பார்கள். பிறகு கிருமி வளரும் ஜெல்லியான மென் அகாரில் ஊற்றினால், கிருமி செத்த இடங்கள் தெளிந்த புள்ளிகளாகத் தெரியும். இது மருந்தல்ல. உடைந்த கிருமியின் எண்டோடாக்சின் என்ற நச்சை நீக்கி, ஃபேஜில் நச்சு ஜீனோ எதிர்ப்பு ஜீனோ இல்லை என்று முழு ஜீனோமையும் படித்த பின்புதான் மனித உடலுக்குக் கொடுப்பதைப் பற்றியே பேச முடியும்.

கவனியுங்கள், 'நோயாளியின் கிருமி' இல்லாமல் இதில் எந்தப் படியும் நகராது. மருந்துக் கடையில் வாங்கிய செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு மாத்திரை உள்ளே போனபின் எடுத்த சிறுநீரில் 'வளர்ச்சி இல்லை' என்றே ரிப்போர்ட் வரலாம். காய்ச்சல் மட்டும் நிற்காது. செஃபிக்சிம் ஹெச்1 பட்டியல் மருந்து. சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் மாதிரி எடுங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மே மாதத்தில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருக்கும் ஆட்டோவுக்குள் இருக்கும் சூடு, லேபின் இன்குபேட்டர் சூடுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் ஏட்டுக்கணக்கில் இரண்டு மணியில் 64 மடங்கு. ஒரு மில்லியில் 1,500 இருந்த வெளிக்கிருமி ஏறக்குறைய 1 லட்சமாகி, தொற்று என்ற தோற்றம் தரும். சிறுநீர் டியூப் போட்டவருக்குப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. டியூபின் மாதிரித் துளையிலிருந்து ஊசியால் எடுக்க வேண்டும். காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாமல், வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் செய்யத் தேவையில்லை. நீண்டநாள் டியூபில் கிருமி வளரத்தான் செய்யும், அதைப் பார்த்துக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத்தான் வளர்க்கும்.

ரிப்போர்ட்டில் மெரோபெனத்துக்கு நேராக 'ஆர்' (கிருமி அதற்கு அடங்காது) என்று வந்தால், எந்த ஜீன் என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு ஆன்டிபயாடிக், இன்னொரு எதிர்ப்பு ஜீனான ஆக்சா-48 உள்ள கிருமியிடம் வேலை செய்யும். என்டிஎம் இருந்தால் அது மட்டும் போதாது, ஆஸ்ட்ரியோனம் என்ற மருந்தும் சேர வேண்டும். விலை கூடிய மருந்து வீணாவதும் உயிர் தப்புவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். அடுத்த முறை அட்மிஷனில் கேட்கும் முன்பே காட்டுங்கள்.