மதுரை விமானத்தைத் தாமதமாக்கும் டெல்லிப் பனிமூட்டம்

சென்னையில் வானம் தெளிவாக இருக்கும் ஒரு ஜனவரிப் பிற்பகலில், மதுரை செல்லும் விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவிப்புப் பலகை காட்டினால், அதற்கு 'இயக்கக் காரணங்கள்' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் விளக்கம் கிடைப்பது அரிது. மதுரையிலும் வானிலையில் குறையில்லை. சென்னையிலும் ஓடுபாதை திறந்தே இருக்கிறது. அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? விடை பெரும்பாலும் பயணச்சீட்டில் அச்சிடப்பட்ட விமான எண்ணில் இருக்காது. அந்த எண் கால அட்டவணையில் உள்ள ஒரு பெயர் மட்டுமே. தாமதமோ உலோகத்தாலான ஒரு குறிப்பிட்ட விமானத்தோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பயணம் செய்கிறது.

குறுகிய தூரங்களில் இயங்கும் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் ஒன்று நாளொன்றுக்கு ஐந்தாறு பயணங்கள் போவது வழக்கம். நின்றிருக்கும் நேரம் நிறுவனத்துக்கு வருவாய் தராத நேரம் என்பதால், தரையிறங்கிப் பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, மீண்டும் பயணிகளை ஏற்றிக் கிளம்புவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி வரையே ஒதுக்குகிறார்கள். டவுன் பஸ் முதல் நடையில் பிந்தினால் அன்றைய மற்ற நடைகளும் பிந்துவதைப் போன்றதுதான் இது. ஒவ்வொரு நடையும் வேறொரு மாநிலத்தில் நிகழ்வதால் பயணியின் கண்ணுக்குத் தொடர்பு தெரிவதில்லை.

கணக்குக்காக ஒரு விமானத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அது காலை 6.00 மணிக்குச் சென்னையில் கிளம்பி 8.50-க்கு டெல்லி சேர வேண்டும்; 9.30-க்கு டெல்லியை விட்டு 11.40-க்கு மும்பை, 12.20-க்கு மும்பையை விட்டு 14.15-க்குச் சென்னை; 14.50-க்கு மதுரைக்குப் புறப்பாடு. டெல்லியில் அடர்ந்த பனிமூட்டம். அத்தகைய நாட்களில் ஓடுபாதை ஒரு மணி நேரத்தில் ஏற்கக்கூடிய விமானங்களின் எண்ணிக்கை குறைந்துவிடுவதால், வானில் வட்டமடித்து எரிபொருளை வீணாக்குவதைவிடக் கிளம்பும் ஊரிலேயே நிறுத்திவைப்பது நல்லது என்று, நாடு முழுவதற்கும் பொதுவான போக்குவரத்து நெறிப்படுத்தும் மையம் ஒவ்வொரு விமானத்துக்கும் புதிய புறப்பாட்டு நேரம் ஒன்றைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. நம் விமானத்துக்குக் கிடைத்தது 7.30 என்று வைத்துக்கொண்டால், டெல்லி சேர்வது 10.20. அங்கே 40 நிமிட இடைவெளியை 30 நிமிடமாகச் சுருக்கி 10.50-க்குக் கிளம்பினால் தாமதம் 80 நிமிடமாகக் குறைகிறது. வழியில் ஐந்து நிமிடத்தை மீட்டு 12.55-க்கு மும்பை, அங்கும் 30 நிமிடத்தில் திரும்பி 13.25-க்குப் புறப்பாடு, சென்னை சேர்வது 15.20. மதுரைக்குக் கிளம்புகையில் மணி 15.50. காலையில் 90 நிமிடமாக இருந்த தாமதம், மூன்று ஊர்களில் பலரும் பரபரத்த பிறகும், 60 நிமிடத்துக்குக் கீழ் இறங்கவில்லை.

இந்தச் சங்கிலித் தொடர் விமானத் துறைக்குப் புதிதன்று. தாமதத்துக்கான காரணங்களைக் குறிக்கப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த இரண்டிலக்கக் குறியீடுகளில், முந்தைய பயணத்திலிருந்து விமானம் பிந்தி வருவதற்கென்றே 93 என்ற எண் உண்டு. 41 என்றால் விமானத்தில் பழுது. 46 என்றால் தொழில்நுட்பக் காரணத்தால் விமானத்தை மாற்றியது. 72 என்றால் சேருமிடத்தில் வானிலை. நம் கற்பனை விமானத்தின் சென்னை–டெல்லிப் பயணம் பனிமூட்டத்தின் கணக்கில் எழுதப்படும். மதுரைப் பயணமோ 93-இன் கீழ்ப் போய்விடும். டெல்லியின் பனி அந்தப் பதிவேட்டில் அத்தோடு மறைந்துவிடுகிறது. ஐரோப்பாவின் தாமத நிமிடங்களில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு முந்தைய பயணங்களிலிருந்து வந்து சேர்பவை என்று, அங்கே வான்போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகன்ட்ரோல் அமைப்பின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அமெரிக்கப் போக்குவரத்துப் புள்ளியியல் துறை 1987 முதல் நேரந்தவறாமைக் கணக்கை வெளியிடுகிறது. 1995 முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் விமானத்தின் பதிவு எண்ணையும் சேர்த்துத் தருகிறது. அந்தக் கூடுதல் பத்தி ஒன்றுதான் ஒரு தாமதத்தை அதன் பிறப்பிடம் வரை பின்தொடர்ந்து செல்ல ஆய்வாளர்களுக்கு வழிவிட்டது. நம் நாட்டு மாதாந்திர அறிக்கைகள் சதவீதங்களோடு நின்றுவிடுகின்றன என்பது ஒரு குறையே.

ஆனால் அரசு தராத தரவை விமானமே தருகிறது. இன்றைய பயணிகள் விமானங்கள் ஏடிஎஸ்-பி என்ற முறையில் தம் இருப்பிடத்தைத் தாமே இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. செயற்கைக்கோள் வழியே கணித்த இருப்பிடத்தையும் வேகத்தையும், காற்றழுத்தத்தால் அளந்த உயரத்தையும், விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற வானொலிக் கருவி 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 112 பிட் நீளமுள்ள சிறு துணுக்குகளாக வெளியிடுகிறது. பறக்கும்போது இருப்பிடத் தகவல் நொடிக்கு இருமுறை போகிறது. ஒரு துணுக்கு காற்றில் இருப்பது 120 மைக்ரோநொடி. இதில் மறையாக்கம் ஏதுமில்லை. வாங்கிப் படிப்பதற்குச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வானொலி ஏற்பியும் மொட்டைமாடியில் ஒரு சிறு ஆண்டெனாவும் போதும். 35,000 அடியில் பறக்கும் விமானத்தின் ஒலிபரப்பு, பூமியின் வளைவு மறைக்கும் வரை, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவுக்கு எட்டும். ஸ்வீடனில் 2006-இல் தொடங்கப்பட்ட ஃப்ளைட்ரேடார்24 போன்ற சேவைகள் உலகெங்கும் தன்னார்வலர்கள் நிறுவியுள்ள இத்தகைய ஏற்பிகளை இணையத்தால் பின்னியவைதாம்.

அந்தத் துணுக்குகளில் இரண்டு அடையாளங்கள் கலந்து வருகின்றன. விமான மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை முழுவதும் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. முதலாவது 24 பிட் முகவரி. இது பதிவு செய்த நாட்டால் அந்த விமானத்துக்கென்றே ஒதுக்கப்படுவது. பதிவு மாறும் வரை மாறாது. பதினாறு குறிகளால் எண்களை எழுதும் பதினாறடிமான முறையில் எழுதினால், இந்தியப் பதிவு பெற்ற விமானங்களின் முகவரிகள் 80 முதல் 83 வரையிலான இலக்கங்களில் தொடங்கும். இந்த முகவரியைத் தரவுத்தளத்தில் தேடினால் உடற்பகுதியில் 'விடி' என்று தொடங்கி எழுதப்பட்டிருக்கும் பதிவு எண்ணும், விமானத்தின் வகையும் கிடைத்துவிடும். இரண்டாவது, அன்றைய பயணத்துக்காக விமானிகள் தட்டச்சு செய்யும் அழைப்புக் குறி. இண்டிகோ என்றால் ஐஜிஓ, ஏர் இந்தியா என்றால் ஏஐசி என்ற மூன்றெழுத்துக்குப் பின்னே ஓர் எண். அது பயணத்துக்குப் பயணம் மாறும். ஐரோப்பாவில் பல நிறுவனங்கள், ஒரே வான்பகுதியில் ஒத்த எண்கள் காதில் குழம்பக்கூடாது என்பதற்காக, பயணச்சீட்டு எண்ணோடு பொருந்தாத எழுத்துக்கலவையை அழைப்புக் குறியாக வைப்பதால் அங்கே பொருத்திப் பார்க்க இன்னொரு அட்டவணை தேவைப்படுகிறது.

மாறாத முகவரியை வைத்துத் தேடினால் விமானத்தின் நாட்குறிப்பு கிடைக்கும். மாறும் அழைப்புக் குறியை வைத்துத் தேடினால் அட்டவணையின் வரலாறு கிடைக்கும். மும்பையிலிருந்து வரும் விமானம்தான் மதுரைக்குப் போகவிருந்தது என்று தெரிந்திருக்கையில், மதுரைப் பயணத்தின் அழைப்புக் குறியை வேறொரு முகவரி ஒலிபரப்பினால் இடையில் மாற்றம் நடந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் முன்பே கசியும் அறிகுறி ஒன்று உண்டு: அவசர வழி வரிசையில் கூடுதல் பணம் கொடுத்து எடுத்த இருக்கை, காலையில் செயலியில் பார்க்கும்போது வேறு எண்ணுக்கு நகர்ந்திருக்கும். இருக்கை அமைப்பு வேறான விமானம் வந்துவிட்டது என்பதை அறிவிப்புப் பலகைக்கு முன்பே அது சொல்லிவிடுகிறது.

நிறுவனம் இந்த மாற்றத்தை ஏன் செய்கிறது என்பதை நம் எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம். சென்னையில் 13.50-க்கு வந்து, 15.40-க்கு ஹைதராபாத் போகவேண்டிய இன்னொரு ஏ320 நிற்கிறது. இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர் அதை 14.50 மதுரைப் பயணத்துக்குக் கொடுத்து, 15.50-க்குத் தயாராகும் பிந்திய விமானத்தை ஹைதராபாத்துக்குத் திருப்பினால், மதுரை நேரத்துக்குப் போகும். ஹைதராபாத் பத்து நிமிடம் பிந்தும். பதினைந்து நிமிடத்துக்குள் கிளம்பினால் நேரந்தவறவில்லை என்பது துறையின் வழக்கமான அளவுகோல் என்பதால், தாமதக் கணக்கிலிருந்து இரண்டுமே தப்பிவிடும். அறுபது நிமிடத்தைப் பத்தாகக் குறைத்தது புதிய விமானம் ஏதுமன்று. ஹைதராபாத் பயணத்துக்கு முன் அட்டவணையில் கிடந்த உபரி இடைவெளிதான். அந்த உபரி இல்லாத நாளில், மாற்றம் என்பது ஒரு கூட்டத்தின் தாமதத்தை எடுத்து இன்னொரு கூட்டத்தின் தலையில் வைப்பதாகவே முடியும். எந்தக் கூட்டம் என்று தீர்மானிக்கும்போது, இணைப்பு விமானம் பிடிக்கவேண்டியவர்கள் எதில் அதிகம், எந்த விமான நிலையம் இரவில் மூடப்படும் என்ற கேள்விகள் முன்னே நிற்கும்.

நினைத்தபடி எதையும் எதற்கும் மாற்றிவிடவும் முடியாது. ஏ321-இல் விற்ற இருக்கைகளை அதைவிடச் சிறிய ஏ320-இல் நிரப்பினால் சிலர் வெளியே நிற்க வேண்டிவரும். குறிப்பிட்ட மணி நேரம் பறந்த பிறகு செய்யவேண்டிய பராமரிப்பு அன்றிரவு டெல்லிக் கொட்டகையில் நடக்கவேண்டியிருந்தால், அந்த விமானம் எப்படிச் சுற்றினாலும் இரவில் டெல்லியில் இருந்தாக வேண்டும். சிறு குறையோடு பறக்க அனுமதிக்கும் பட்டியல் ஒன்று ஒவ்வொரு விமான வகைக்கும் உண்டு; அதன்படி, வால்பகுதியில் உள்ள துணை எஞ்சின் பழுதான விமானம் பாதுகாப்பாகப் பறக்கலாம், ஆனால் தரையில் எஞ்சினை முடுக்க வெளியிலிருந்து அழுத்தக் காற்று தரும் வண்டி வேண்டும். அது இல்லாத சிறு விமான நிலையத்துக்கு அந்த விமானத்தை அனுப்பினால் அங்கேயே நின்றுவிடும்.

ஆண்டெனாவுக்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது: பணிக்குழு. விமானிகளும் விமானப் பணிப்பெண்களும் எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்குச் சட்டப்படியான உச்சவரம்பு உண்டு. காலைப் பனியில் தொண்ணூறு நிமிடம் இழந்த குழு, மாலையில் கடைசிப் பயணத்தை முடிப்பதற்குள் அந்த வரம்பை எட்டிவிடலாம். அப்போது விமானம் வாயிலில் தயாராக நிற்கும், ஓட்டத்தான் ஆளிருக்காது. 2022 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதன் பேருருவம். பனிப்புயலில் மற்ற நிறுவனங்களும் தடுமாறின, ஆனால் ஓரிரு நாளில் மீண்டன. சவுத்வெஸ்டிலோ எந்தக் குழு எந்த ஊரில் மாட்டியிருக்கிறது என்பதை அதன் மென்பொருளால் பின்தொடர முடியாமல் போய், பணியாளர்கள் தம் இருப்பிடத்தைத் தொலைபேசியில் சொல்லக் காத்துக் கிடந்தார்கள். சுமார் 16,900 பயணங்கள் ரத்தாயின. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஓராண்டு கழித்து அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேரத்தை உயர்த்திய புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னணியில், இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை ரத்துசெய்தபோதும் தட்டுப்பாடு விமானத்துக்கு அன்று, விமானிக்கே. வரைபடத்தில் விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஓடாமல் நிற்பது தெரிந்ததே தவிர, ஏன் என்பது தெரியவில்லை.

தாமதத்தை எந்த நிமிடத்திலிருந்து அளப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு நேரங்கள் பதிவாகின்றன: நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது, சக்கரம் தரையை விட்டது, சக்கரம் தரையைத் தொட்டது, நிறுத்துமிடத்தில் நின்றது. கதவு மூடியதும் நிறுத்த பிரேக் விடுபட்டதும் சக்கரக் காலின் மேல் சுமை குறைந்ததும் உணரிகளால் அறியப்பட்டு, தானாகவே குறுஞ்செய்தியாக நிறுவனத்துக்குப் போய்விடும். 1978-இல் இந்தச் செய்தி முறை அமெரிக்காவில் அறிமுகமானபோது, பணிக்குழுவின் ஊதியத்தை அவர்கள் கையால் எழுதிக்கொடுக்கும் நேரத்தை நம்பாமல் கணக்கிடுவது அதன் முதல் பயன்களில் ஒன்றாக இருந்தது. நேரந்தவறாமை அளக்கப்படுவது முதல் நேரத்தையும் கடைசி நேரத்தையும் கொண்டுதான். ஓடுபாதையின் வரிசையில் இருபது நிமிடம் ஊர்ந்த விமானமும் ஏட்டில் சரியான நேரத்தில் கிளம்பியதாகவே இருக்கும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு வானில் இருக்கும் நேரம் முக்கால் மணிக்கும் குறைவே என்றாலும் அட்டவணையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ போட்டுவைப்பதும், பிந்திக் கிளம்பிய விமானம் நேரத்துக்குச் சேர்ந்துவிட்டதாக அறிவிப்பு வருவதும், இந்த அளவுகோலை அறிந்து வைத்த உபரியால்தான்.

பலகையில் தாமதம் அரை மணி, பிறகு இன்னுமோர் அரை மணி என்று தவணை முறையில் ஏறுவது பயணிகளைப் பொறுமையிழக்கச் செய்யும் செயல். அதில் பாதிக்கு நியாயம் உண்டு: மூன்று மணி நேரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பயணிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்; ஒரு மணி நேரத்தில் மாற்று விமானம் கிடைத்தால் அவர்களைத் திரும்ப அழைக்க முடியாது. மீதிப் பாதி தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது. மும்பையிலிருந்து வரவேண்டிய விமானம் இன்னும் மும்பைத் தரையிலேயே நிற்கிறது என்று பதிவு எண்ணைத் தேடியவருக்குத் தெரியும்போது, அரை மணியில் ஏறலாம் என்று பலகை காட்டினால் நம்பவேண்டியதில்லை. பறக்கும் நேரமான ஒன்றே முக்கால் மணியோடு திரும்பும் நேரமான அரை மணியைக் கூட்டிக்கொண்டு, இடையில் விமானம் மாற்றப்படாவிட்டால் அதற்கு முன் கிளம்பாது என்று கொள்ளலாம்.