இருட்டில் எடுக்கக் கேமரா வாங்குபவர்கள் லென்ஸுக்குப் பணம் மிச்சம் வையுங்கள்

திருமணப் படம் எடுப்பவர்களுக்கு விடியற்காலை முகூர்த்தமும் மங்கலான மண்டபமும் அன்றாடம். அதனால்தானோ என்னவோ, குறைந்த வெளிச்சத்துக்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வருபவர்கள் அதிகம். பெரும்பாலோர் மெகாபிக்சலையும் ஐஎஸ்ஓ எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த இரண்டையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கூடுதல் வெளிச்சம் உள்ளே வந்துவிடாது. வந்ததைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். வெளிச்சம் போதாமல் எடுத்த படத்தில் புள்ளிகளும் சேர்ந்தே தெரியும். வெளிச்சத்தை உள்ளே விடுவது லென்ஸ்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சுப் போடும்போது ஷட்டர் 1/125 நொடியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் விரல்கள் கலங்கிவிடும். கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் லென்ஸின் திறப்பு எஃப் 5.6தான் கிடைக்கும். இந்த எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 12800 கேட்கும் இடத்தில் இதற்குச் சுமார் 1250 போதும். முன்னதில் மஞ்சள் கயிற்றின் முறுக்கும் புடவையின் சரிகையும் ஒரே மஞ்சள் திட்டாகிவிடும். பின்னதில் இழை இழையாகத் தெரியும்.

வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவும் முக்கியம்தான். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில், அதைவிடச் சிறிய வகையான ஏபிஎஸ்-சி சென்சாரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஃபுல் ஃபிரேம் பாடிக்கே (லென்ஸ் இல்லாத கேமராவுக்கே) கையிருப்பு முழுவதும் போய், கிட் லென்ஸோடு நிற்பதைவிட, ஏபிஎஸ்-சி பாடியும் எஃப் 1.8 லென்ஸும் வாங்குவதே மேல்.

கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். அசையாத கோபுரத்துக்கு உதவும், நடந்து வரும் மணப்பெண்ணுக்கு உதவாது. இருட்டில் ஃபோகஸ் செய்யும் திறனுக்கான எண்ணையும் நிதானமாகப் படியுங்கள். கேனான் ஆர்6 கேமராவின் மைனஸ் 6.5 இவி (வெளிச்சத்தின் அளவு; எண் குறையக் குறைய இருட்டு அதிகம்), எஃப் 1.2 லென்ஸோடு சொல்லப்படும் கணக்கு. கிட் லென்ஸில் அதை எதிர்பார்க்க முடியாது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழக்கூடும். மெக்கானிக்கல் ஷட்டரும் இந்தத் துடிப்பைச் சமாளிக்கும் வசதியும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்கு உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். இருண்ட மூலையில் ஒருவரை நிற்கவைத்து, ஐஎஸ்ஓ 3200, 6400 இரண்டிலும் ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுத்து, வீட்டுக் கணினியில் கண்ணிமைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.