பட்டையில் ஒரு மில்லிமீட்டர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பட்டையின் உட்பக்கம் போகப் போகத்தான் பால் அதிகம். கத்தியை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்றைக்குப் பால் பிடிக்கும் மங்கு நிறையும். ஆனால் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசுவில் கத்தி பட்டுவிட்டால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து அங்கே கத்தி ஓடாது. அதனால்தான் ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது பட்டையை விட்டு வெட்டுவது. அப்பாவுக்கு அந்த அளவு கையிலேயே இருந்தது. நிரல் எழுதும் எனக்கு அது வர ரொம்ப நாளானது.

வன்பொருளோடு நேரடியாகப் பேசும் நிரல்களில் ஆழமாக வெட்டும் ஆசை அடிக்கடி வரும். 1983-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த டாம் டஃப், தரவுகளை ஒவ்வொன்றாக வன்பொருளுக்கு அனுப்பும் நிரல் ஒன்றை எழுதினார். ஒன்றை அனுப்பியதும் 'இன்னும் மிச்சம் உண்டா?' என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதிலேயே நேரம் போனது. அனுப்பும் வரியை எட்டு முறை அடுத்தடுத்து எழுதினார். எட்டுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். சரி, 20 தரவு இருந்தால்? இரண்டு எட்டு போக நாலு மிஞ்சும். அந்த நாலை முதலில் தீர்க்க, எட்டு வரிகளின் நடுவில் குதித்து உள்ளே நுழைந்தார். அவர் எழுதிய சி என்ற நிரல்மொழி அதற்கு இடம் கொடுத்தது. பெருமையும் அருவருப்பும் ஒன்றாக வருகிறது என்று அவரே எழுதியிருக்கிறார்.

வித்தை பரவியது. லினக்ஸ் திரையில் சாளரங்களைக் காட்டிய எக்ஸ்ஃப்ரீ86 மென்பொருளிலும் பல இடங்களில் புகுந்தது. 4.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டபோது மென்பொருளின் அளவு அரை மெகாபைட் குறைந்தது, வேகமும் கூடியது என்று 2000-இல் லினக்ஸ் நிரலாளர் தியோடர் சோ எழுதினார். காரணம் கேஷ். செயலியை ஒட்டிய அந்தச் சின்ன நினைவகத்திலிருந்து கட்டளை செயலியின் சில கடிகாரத் துடிப்புகளில் கிடைத்துவிடும். பிரதான நினைவகம் வரை போனால் நூறு, இருநூறு துடிப்பு ஆகும். நீண்டு கிடக்கும் நிரல் கேஷை அடைத்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளுகிறது. போதாததற்கு, வரிகளை இப்படி விரிக்கும் வேலையை, நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரே இப்போது செய்கிறது. பின்னிப் போட்ட நிரலைக் கண்டால் அதுவும் திணறும்.

நானும் செய்தேன். செம்பனை ஆலை ஒன்றின் லாரி எடைமேடைக்கு, எண்களை வாங்கும் பகுதியை, செயலியின் கட்டளைகளையே நேராக எழுதும் அசெம்பிளி மொழியில் நாற்பது வரி எழுதினேன். ஆறு மாதம் கழித்து ஒரு பிழை, எனக்கே புரியவில்லை. அப்புறம்தான் நேரத்தை அளந்தேன். எடைக்கருவியின் கம்பி 9600 பாட் வேகம், அதாவது நொடிக்கு 9600 பிட்; ஓர் எழுத்து வந்துசேர ஒரு மில்லிவினாடி. என் வித்தை மிச்சம் பிடித்தது சில மைக்ரோவினாடி. சி மொழியில் ஆறு வரியாக மாற்றி எழுதினேன். லாரிக்காரர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.