ஈயத்தை நம்பி நிற்கும் நகர மண்டபங்கள்

"நூறு வருடக் கல் கட்டடத்தை அஸ்திவாரத்திலிருந்து அறுத்து ரப்பர் மேல் உட்கார வைக்கிறார்களாமே, நிலம் ஆடும்போது அது வழுக்கி விழாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விழாது. பெரிய ஆபத்து, அறுக்காமல் விட்ட பழைய கட்டடத்துக்குத்தான்.

சான் பிரான்சிஸ்கோ இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. கால் நூற்றாண்டு இழுத்து இழுத்துக் கட்டிய அதன் பழைய நகர மண்டபம், 1906 ஏப்ரல் 18 அன்று வந்த நிலநடுக்கத்தில் நொடிகளில் சரிந்தது. பின்னால் வந்த தீயில் ஊரின் ஆவணங்களும் எரிந்தன. யாருடைய நிலம் எது என்று நீதிமன்றத்தில் மறுபடி நிறுவ, கலிபோர்னியாவில் அதே ஆண்டு தனிச்சட்டமே போட வேண்டி வந்தது. பிறப்புப் பதிவுகள் போனதால், "நான் இங்கேதான் பிறந்தேன்" என்று சொன்ன சீனக் குடியேறிகளை மறுக்க அரசிடம் காகிதம் இல்லை. ஒரு கட்டடம் விழுந்ததில் ஊரின் ஞாபகமே அழிந்தது.

நிலநடுக்கம் முடிந்த கையோடு எந்த வீட்டுக்குள் நுழையலாம், எதில் சிவப்பு அட்டை ஒட்டலாம் என்று தீர்மானிப்பதும் நகராட்சி ஆட்கள்தான். கலிபோர்னியாவின் 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான ஓக்லாந்தின் நகர மண்டபமே சேதமாகி மூடப்பட்டது. 1995-இல் திறந்தபோது அது ரப்பர் பேரிங்குகள் மேல், அதாவது கட்டடத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே செருகிய ரப்பர் தாங்கிகள் மேல் நின்றது. இதற்கு முன்னோடி, 1894-இல் திறந்த, அமெரிக்காவின் சால்ட் லேக் நகர-மாவட்டக் கட்டடம். 1989-இல் 443 பேரிங்குகளோடு அந்த வேலை முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவின் 1915-ஆம் ஆண்டு மண்டபத்துக்கு 530.

ரப்பர் செய்வது பள்ளிப் பாடம்தான். கல், செங்கல் கட்டடங்கள் குட்டையானவை, விறைப்பானவை; அவற்றின் அலைவு நேரம், அதாவது ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடி முடிக்கும் நேரம், அரை நொடி அளவில் இருக்கும். கெட்டியான தரையில் நிலநடுக்கத்தின் பலமும் பெரும்பாலும் ஒரு நொடிக்கு உட்பட்ட அதிர்வுகளில்தான் குவிந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் கட்டடம் தொலைந்தது. அடியில் மென்மையான அடுக்கு ஒன்றைச் செருகினால் அலைவு நேரம் இரண்டரை நொடிக்குப் போய்விடும். கட்டடம் உணரும் முடுக்கம் ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். பேரிங் என்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் ரப்பர், இரண்டு மூன்று மில்லிமீட்டர் எஃகுத் தகடு என்று மாறி மாறி அடுக்கி, சூட்டில் ஒட்டவைத்த உருளை. மேலிருந்து அழுத்தும்போது ரப்பர் பக்கவாட்டில் பிதுங்க எஃகுத் தகடுகள் விடுவதில்லை. அதனால் பல நூறு டன்னைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினாலோ தாராளமாகச் சாயும்.

வெறும் ரப்பர் போதாது. அது வில். நிலம் நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். பலமான காற்றுக்கும் அசையும். அசைவின் ஆற்றலை யாராவது தின்றாக வேண்டும்.

இங்கேதான் ஈயம் வருகிறது. என்னைக் கேட்டால் பொறியியலில் இதைவிட அழகான உபாயம் குறைவு. பேரிங்கின் நடுவில் துளையிட்டு, துளையைவிட ஒரு துளி பெரிய ஈய உருளையை அழுத்திச் செருகுகிறார்கள். இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் ஈயம் சீராகச் சறுக்காமல் வளைந்துவிடும், கணக்கு கெடும். இறுக்கமாக இருந்தால் சுற்றியுள்ள எஃகுத் தகடுகள் உருளையை அடுக்கடுக்காகச் சறுக்க வைக்கும். சறுக்குவிசை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 10 நியூட்டனை எட்டும்வரை ஈயம் அசையாது. 15 செ.மீ. விட்டமுள்ள உருளை என்றால் ஏறக்குறைய 18 டன் விசை. காற்றால் அதைத் தொட முடியாது, நிலநடுக்கத்தால் முடியும். அப்போது ஈயம் இளகிக் கொடுக்கிறது, அசைவின் ஆற்றல் வெப்பமாகிறது.

ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். சூடாகும், இறுகும், பத்து இருபது தடவையில் முறியும். ஈயம் ஏன் முறியவில்லை? கெல்வினில் பாருங்கள்: ஈயம் உருகுவது 600-இல், அறை வெப்பநிலை 300. அதாவது மேசைமேல் சும்மா கிடக்கும் ஈயம், தன் உருகுநிலையில் பாதியை ஏற்கெனவே எட்டிவிட்டது. அந்த வெப்பத்தில் அணுக்களுக்கு நகரப் போதிய தெம்பு உண்டு. சிதைந்த படிகங்கள் அந்த இடத்திலேயே கலைந்து, புதுப் படிகங்களாக வளர்ந்துவிடுகின்றன. எஃகுக்கு இந்தச் சலுகை கிடைக்க, கொல்லன் அதைச் செக்கச் செவேலெனக் காய்ச்ச வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஈயம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

மேலே சொன்ன உருளை இருபுறமும் 24 செ.மீ. ஆடினால், ஒரு முழு அலைவில் சுமார் 170 கிலோஜூல் ஆற்றலைத் தின்னும். உயரம் 30 செ.மீ. என்றால் அதன் எடை 60 கிலோ. ஓர் அலைவுக்கு 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடேறும். நீண்ட நிலநடுக்கத்தில் ஈயம் மேலும் இளகி பலம் குறையும் என்பதால், குளிர்ந்த ஈயத்துக்கு ஒன்று, சூடானதற்கு ஒன்று என்று இரண்டு கணக்குப் போடுவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் நியூசிலாந்தின் வில்லியம் ராபின்சன், 1970-களில், அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில். உலோகங்கள் எப்படிச் சிதைகின்றன என்று பொறுமையாகப் பார்க்க ஆளையும் சம்பளத்தையும் கொடுத்ததன் பலன் இது. "உடனடிப் பயன் என்ன?" என்று வருடா வருடம் கேட்டு நிதியை நறுக்குகிறவர்கள் யோசிக்கலாம். கிரகச் சேர்க்கையை வைத்து நிலநடுக்கத்துக்குத் தேதி குறிப்பவர்கள் பக்கம் நான் போகவில்லை. ஈயத்துக்குத் தேதி தேவைப்படாது.

செருகும் வேலைதான் நெஞ்சைப் பிடிக்கும். தூணின் இருபுறமும் பீம்களை இறுக்கி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் சுமையைத் தூணிலிருந்து வாங்கி, வைரக் கம்பி ரம்பத்தால் தூணை அறுத்து, பேரிங்கை நுழைத்து, மெல்லிய தட்டை ஜாக்கியால் சுமையை அதன்மேல் இறக்க வேண்டும். பக்கத்துத் தூணைவிட இது சில மில்லிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ மேலே சுதைவேலையும் கல்லும் விரியும். அதனால் ஒரே சமயத்தில் சில தூண்கள்தான், அதுவும் தள்ளித் தள்ளி.

கட்டடத்தைச் சுற்றி அது ஆட அகழி வேண்டும். முடுக்கம் 0.15 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.15 பங்கு), அலைவு நேரம் 2.5 நொடி என்றால் நகர்வு சுமார் 23 செ.மீ.; பாதுகாப்புக்கு அரை மீட்டர் அளவில் விடுவார்கள். கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பத்து வருடம் கழித்து யாரோ அகழி மூடிமேல் தளக்கல்லைச் சிமெண்ட் வைத்துப் பூசுவார்கள், அல்லது வளையாத குழாயைக் குறுக்கே போடுவார்கள். அவ்வளவுதான், கட்டடம் மறுபடி நிலத்தோடு கட்டுண்டது. லிஃப்ட் குழியும் தரையைத் தொடாமல் மேல் தளத்திலிருந்து தொங்க வேண்டும்.

எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது. 1985-இல் மெக்சிகோ நகரின் பழைய ஏரிப் படுகை இரண்டு நொடி அலைவு நேரத்தில் ஆடியது. அங்கே இதே ஏற்பாடு ஆபத்தைத் தேடிப் போவதாகும். உயரமும் சிக்கல்தான். கோபுரம் சாயும்போது ஓரத்துப் பேரிங் மேலே இழுக்கப்படும். ரப்பர் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. 138 மீட்டர் உயர லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மண்டபத்தில் பேரிங்குகளோடு எண்ணெய் அதிர்வுத் தணிப்பான்களையும் சேர்த்தார்கள்.

பெரிய ஆட்டத்துக்குப் பிறகு கட்டடம் சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கக்கூடும். ஈயம் பிடித்துக்கொள்ளும், ரப்பர் மெல்ல இழுக்கும். அப்போது அடித்தளத்தில் இறங்கி ஒவ்வொரு பேரிங்கையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் நுழையும் இடமும், ஜாக்கி வைத்துப் பழையதைக் கழற்றும் இடமும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.